பேசாச் சான்றுகள்

நுழையும்முன்
குற்றம் நிகழ்ந்ததைக் கண்டவர் இல்லாமற் போகலாம். கண்டவரும் அஞ்சி வாய் திறவாதிருக்கலாம். அவ்வேளையில் ஒரு துளிக் குருதியும் ஓர் இழை முடியும் சாட்சிகளாகின்றன. அவற்றின் மொழியறிந்தவர்களே தடயவியல் வல்லுநர்கள்.

தொடுகையும் தடயமும்
பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1910ஆம் ஆண்டு காவல்துறை ஆய்வகத்தைத் தொடங்கியவர் எட்மண்ட் லொக்கார்டு. இரு பொருள்கள் ஒன்றையொன்று தொடும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதேனும் இடம்பெயரும் என்பது அவர்தம் கோட்பாடு. குற்றவாளி தன் காலடி மண்ணை விட்டுச்செல்கிறான். அவ்விடத்துப் புழுதியைத் தன் உடையில் ஏந்திச்செல்கிறான்.

களத்தில் பணியாற்றுவோர்
முதலில் வரும் காவல் அலுவலரின் தலையாய கடமை, இடத்தைக் கலையாமல் காப்பதாகும். ஒளிப்படக் கலைஞர் எப்பொருளையும் தொடுவதற்கு முன்பே, கிடந்தது கிடந்தபடி பதிவு செய்கிறார். விரல்ரேகை வல்லுநர் கண்ணுக்குப் புலப்படாத ரேகைகளை நுண்பொடி தூவி வெளிக்கொணர்கிறார். 1897ஆம் ஆண்டு கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போசு ஆகிய இந்தியர்களின் பங்கு பெரிது.

குருதி தோய்ந்த ஈரத்துணியை நெகிழிப் பையில் அடைத்தால் பூஞ்சை படர்ந்து சான்று கெடும். எனவே, தடய அறிவியலாளர் அதனை நிழலில் உலர்த்தித் தாளுறையில் இட்டு முத்திரையிடுகிறார். அவ்வுறை யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பது முறையாகப் பதிவு செய்யப்படும். இத்தொடர் அறுந்தால், சான்றின் நம்பகத்தன்மை நீதிமன்றத்தில் ஐயத்திற்குள்ளாகும்.

ஆய்வறையில்
உடற்கூறாய்வு மருத்துவர், உடலின் விறைப்பையும் வெப்பத்தையும் கொண்டு இறந்த நேரத்தைக் கணிக்கிறார். துப்பாக்கியியல் வல்லுநர் குண்டின்மீது பதிந்த வரிகளை ஒப்பிடுகிறார். நச்சியல் வல்லுநர் உள்ளுறுப்புகளில் நஞ்சைத் தேடுகிறார். இத்துறையில் தமிழகத்திற்கு நெடிய மரபுண்டு. 1849ஆம் ஆண்டிலேயே சென்னையில் வேதியியல் ஆய்வகம் ஒன்று இப்பணிக்கென அமைக்கப்பட்டது.

விடுவித்த அறிவியல்
இங்கிலாந்தின் லெஸ்டர்சையர் பகுதியில் 1983, 1986ஆம் ஆண்டுகளில் இரு சிறுமியர் கொல்லப்பட்டனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் இரண்டாம் குற்றத்தைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டான். முதற்குற்றத்தையும் அவனே செய்தானா என அறியக் காவல்துறை, மரபணு அறிஞர் அலெக் ஜெப்ரிசை நாடியது. ஆய்வின் முடிவு அனைவரையும் திகைக்கவைத்தது: இரு குற்றங்களையும் செய்தவன் ஒருவனே, ஆனால், அவன் அந்த இளைஞன் அல்லன்! அவனே சொன்ன வாக்குமூலத்தைவிட, அவனது குருதி உண்மையை உரைத்தது. அவன் விடுதலை பெற்றான். உண்மைக் குற்றவாளி 1987ஆம் ஆண்டு பிடிபட்டு, மறு ஆண்டு தண்டனை பெற்றான். குற்றப் புலனாய்வில் மரபணு ஆய்வு முதன்முதலில் செய்த பணி, குற்றமற்றவனைக் காத்ததே.

வல்லுநரின் அறம்
இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சட்டம், ஏழாண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்திற்குச் செல்ல வகைசெய்கிறது. வல்லுநர் காவல்துறைக்கு மட்டும் துணைவர் அல்லர், உண்மைக்குத் துணைவர். தடயம் சொல்லாததைத் தாம் சொல்லாதிருப்பதே அவர்தம் அறம்.

கற்பவை கற்றபின்
1. ஒருவர் தாமே ஒப்புக்கொண்ட பின்பும் அறிவியல் சான்று தேவையா? வகுப்பில் கலந்துரையாடுக.
2. நிகழ்விடத்தைப் பொதுமக்கள் கலைப்பதால் விளையும் தீமைகளைத் தொகுத்து எழுதுக.