மாத்திரைப் பெட்டியை வாங்குமுன்

புதுக்கடை, கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கு முதியோர் இல்ல வேலை இங்கேயும் உண்டு, கேரளத்திலும் உண்டு, பிரிட்டனிலும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் முதலில் கைக்கு வருவது மாத்திரைப் பெட்டி. நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது பாதி வேலைதான். கொடுத்தபின் உடம்பில் என்ன மாறியது என்று பார்ப்பது மீதி.

சேர்ந்த வாரமே ஒவ்வொருவரின் மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தது, தனியார் டாக்டர் எழுதியது, அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்தது, துபாய் மகன் போனில் சொல்லி வாங்கியது எல்லாம் கலந்து கிடக்கும். பிராண்டை விடுங்கள், பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ஆம்லாங், ஸ்டாம்லோ இரண்டும் அம்லோடிபின்தான். இரண்டையும் விழுங்குகிற பாட்டா, எழுந்து நின்றதும் “தலை கிறங்குது” என்பார்.

அதே அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். காரணம் மாத்திரைதான் என்று யாரும் யோசிக்காவிட்டால் நீர் பிரிவதற்கு இன்னொன்று சேரும். ராத்திரி நாலு தடவை எழுவார். தூக்கம் கெடும், அல்பிரசோலம் வரும். அந்தக் கிறக்கத்தில் கக்கூசுக்கு நடந்து இடுப்பெலும்பை ஒடித்துக்கொள்வார். டாக்டர் பார்ப்பது சில நிமிடம், நீங்கள் பார்ப்பது நாள் முழுக்க. புது மாத்திரை தொடங்கிய தேதி, அதன்பின் மாறிய நடை, தூக்கம், பசி, பேச்சு: இவை உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1991-ல் மார்க் பியர்ஸ் குழு முதியோர் இல்லவாசிகளுக்காகவே தவிர்க்கவேண்டிய மருந்துகளைப் பட்டியலிட்டது. 2023-லும் அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. அதில் நம் பக்கம் அடிக்கடி கண்ணில் படுபவை: சாப்பாடு குறைந்த நாளில் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கும் கிளிபென்கிளமைடு, சளிக்குக் கொடுத்துப் புத்தியைக் குழப்பும் குளோர்பெனிரமின், சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைக்ளோஃபினாக்.

மறதிநோய் உள்ளவர் சத்தம் போட்டால் ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்து கேட்டு டாக்டருக்குப் போன் போகும். (ஆள் பற்றாக்குறைதான் பல நேரம் நிஜக் காரணம்.) பிரிட்டனில் மறதிநோயாளிகளில் சுமார் 1,80,000 பேர் இவ்வகை மருந்து பெற்றதாகவும், ஓரளவு பலன் கண்டவர்கள் 36,000 பேர் இருக்கலாம் என்றும், ஆண்டுக்கு 1,800 உயிர்கள் கூடுதலாகப் போவதாகவும் 2009-ல் பேராசிரியர் பானர்ஜியின் அறிக்கை கணக்கிட்டது. அதனால் சத்தத்துக்குக் காரணம் வலியா, மலச்சிக்கலா, மூத்திரக் கடுப்பா என்று முதலில் பாருங்கள்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அல்பிரசோலத்தைச் சட்டென நிறுத்தினால் வலிப்பே வரலாம். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்ட மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. சோற்றில் ஒளித்துக் கொடுப்பது இங்கே சாதாரணம். பிரிட்டனில் அதற்கு முறைப்படி கூடிப் பேசி எடுத்த முடிவு வேண்டும். அங்கே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

வேலையை ஏற்குமுன் ஒன்று கேளுங்கள்: “இங்குள்ளவர்களின் மருந்துகளை டாக்டர் கடைசியாக மொத்தமாகச் சரிபார்த்தது எப்போது?” ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்பது பிரிட்டனில் மருத்துவ நெறிகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டுதல். பதில் இல்லாத இல்லம் என்றால், சம்பளம் கூடுதலாக இருந்தாலும் யோசித்துச் சேருங்கள்.