கணினித் தொலைநோக்கியும் காணும் கண்ணும்

நுழையும்முன்

வானியல் ஆய்வு பெரிய ஆய்வகங்களுக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் மாறி வருகிறது. கணினி பொருத்திய தொலைநோக்கி இன்று ஆர்வலர்களின் வீட்டு மாடிக்கே வந்துவிட்டது. அக்கருவி எவ்வாறு இயங்குகிறது, அதில் மனிதரின் பங்கு எது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒளியைத் திரட்டும் ஆடி

1609ஆம் ஆண்டு கலீலியோ வானை நோக்கித் திருப்பிய தொலைநோக்கி, கண்ணாடி வில்லைகளால் ஆனது. வில்லை ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் அளவில் வளைப்பதால், அக்காலத் தொலைநோக்கிகளில் பிம்பத்தைச் சுற்றி நிறக்கரை படிந்தது. ஆடியோ எல்லா நிறங்களையும் ஒரே விதமாகத் திருப்பும். இவ்வுண்மையைக் கொண்டு 1668இல் நியூட்டன் எதிரொளிப்புத் தொலைநோக்கியை உருவாக்கினார். குழாயின் அடியிலுள்ள குழியாடி ஒளியைத் திரட்டுகிறது. மேற்பகுதியில் சாய்வாக அமைந்த சிறிய சமதள ஆடி, அவ்வொளியைப் பக்கவாட்டிலுள்ள கண்ணருகு வில்லைக்குத் திருப்புகிறது.

தொலைநோக்கியின் சிறப்பு உருவைப் பெரிதாக்குவதே எனப் பலர் கருதுவர். உண்மையில் அதன் முதற்பணி ஒளியைத் திரட்டுவதாகும். இருளில் நன்கு விரிந்த கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 200 மில்லிமீட்டர் விட்டமுடைய ஆடி, அதனைவிட ஏறத்தாழ 800 மடங்கு ஒளியைத் திரட்டும்.

கணினியின் பணி

புவியின் சுழற்சியால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தோன்றுகிறது. இதனால் தொலைநோக்கியில் கண்ட பொருள் சில நிமிடங்களிலேயே பார்வையிலிருந்து விலகிவிடும். கணினியின் ஆணைக்கேற்ப இயங்கும் மின்பொறிகள் அப்பொருளைத் தொடர்ந்து செல்கின்றன. பல்லாயிரம் வான்பொருள்களின் இருப்பிடங்களும் கணினியின் நினைவகத்தில் பதிவாகியுள்ளன.

ஆயினும், தான் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் பெரும்பாலான கருவிகளுக்கு மனிதரே அறிவிக்க வேண்டும். பின்னர், அறிந்த இரு விண்மீன்களை அதற்கு அடையாளம் காட்ட வேண்டும். பிப்ரவரி மாத முன்னிரவில் திருவாதிரையும் மகமும் இதற்கு ஏற்றவை. மகத்திற்குப் பதிலாக வேறொரு விண்மீனைக் காட்டிவிட்டால், கருவி அதன்பின் தேடும் ஒவ்வொன்றிலும் தவறான இடத்திற்கே செல்லும். எனவே, வானை ஓரளவேனும் அறிந்தவருக்கே கணினி துணைநிற்கிறது.

ஒளியைச் சேமிக்கும் படக்கருவி

கண்ணால் ஒளியை நெடுநேரம் சேமித்து வைக்க இயலாது, படக்கருவியால் இயலும். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா, கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகைபோலத் தெரியும். அதுவே ஒளிப்படத்தில் செந்நிறமாய் விரியும். நகரங்களில் நெடுநேரம் ஒளியைப் பதித்தால் தெருவிளக்குகளின் வெளிச்சம் படத்தை மூடிவிடும். ஆகவே, சில நொடிகளில் பதியும் படங்கள் பல எடுக்கப்பட்டு, கணினியில் ஒன்றிணைக்கப்படுகின்றன. 100 படங்களின் சராசரியில், ஒழுங்கின்றித் தோன்றும் புள்ளி இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். உண்மையான ஒளி நிலைத்து நிற்கும்.

பூட்டுத் தொழிலாளர் கண்ட விண்மீன்

அர்ஜென்டினா நாட்டின் ரொசாரியோ நகரில் வாழும் விக்டர் பூசோ, பூட்டும் சாவியும் செய்யும் தொழிலர். 2016 செப்டம்பர் 20 அன்றிரவு, தம் 40 சென்டிமீட்டர் எதிரொளிப்புத் தொலைநோக்கியில் புதிய படக்கருவி ஒன்றைச் சோதித்துக் கொண்டிருந்தார். என்ஜிசி 613 என்னும் விண்மீன் திரளை 20 நொடிப் படங்களாகத் தொடர்ந்து பதிவு செய்தார். முதலில் எடுத்த படங்களில் இல்லாத ஓர் ஒளிப்புள்ளி, பின்னர் எடுத்தவற்றில் தென்பட்டது. படத்திற்குப் படம் ஒளி மிகுந்தும் வந்தது. சோதனைப் படங்கள்தாமே என அவர் ஒதுக்கிவிடவில்லை, ஒப்பிட்டுப் பார்த்தார், பிறருக்கும் அறிவித்தார்.

விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறும்போது எழும் முதல் ஒளியே அது. எந்த விண்மீன் எப்போது வெடிக்கும் என முன்கூட்டி அறிய இயலாததால், அத்தொடக்க நேரம் படமாவது மிக அரிது. அறிவியலாளர்கள் பெரிய தொலைநோக்கிகளால் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். அந்த ஆய்வு 2018இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. ஆய்வுரை எழுதியோர் வரிசையில் பூசோவின் பெயரும் இடம்பெற்றது. அன்றிரவு படத்தைப் பதிந்தது கருவி. அதில் புதியது ஒன்று உள்ளதென உணர்ந்தது மனிதரின் கவனம்.

தெரிந்து தெளிவோம்

தக்க வடிகட்டி பொருத்தாத தொலைநோக்கியால் கதிரவனை ஒரு கணமும் நோக்கக் கூடாது. பார்வை நிலையாகப் பறிபோகக்கூடும்.

திருப்பத்தூர் மாவட்டம் காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுடைய எதிரொளிப்புத் தொலைநோக்கி இயங்குகிறது.

கற்பவை கற்றபின்

நிலவில்லா இரவில், விளக்கொளி குறைந்த இடத்தில் அரைமணி நேரம் கண்களை இருளுக்குப் பழக்குக. பின்னர் நீங்கள் அடையாளம் கண்ட விண்மீன்களை வரைந்து, வகுப்பில் ஒப்பிடுக.