கொட்டையை எடுக்கும்போதே பாருங்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் வந்து நிற்பார்கள். "பெரியம்மா, அந்த முந்திரி வெச்ச பேரீச்சை எப்படிப் பண்றது?" அடுப்பு வேலை பத்து நிமிடம்தான். அதனாலேயே அவசரப்பட்டுக் கெடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்காக இது.

1. பேரீச்சை வாங்க, எங்கள் வேலப்பன்சாவடியில் பஸ் ஏறினால் பூந்தமல்லி சாலையிலேயே கோயம்பேடு சந்தை. மொத்தமாக வேண்டுமென்றால் சவுகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெரு வரை போங்கள். கிமியா வகைப் பேரீச்சை வாயில் கரையும், ஆனால் கீறினால் குழைந்துவிடும், அடைக்க ஆகாது. கையில் நின்று கொடுக்கும் பழமாகக் கேளுங்கள். மெஜூல் பெரிது, விலையும் பெரிது. ஆடி, ஆவணியில் கொத்துக் கொத்தாக மஞ்சளாக வருமே, தருமபுரிப் பக்கம்கூட விளைகிறதே, அந்தப் பழம் தின்ன மட்டும்.

2. இதுதான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறி, கொட்டையை எடுத்து, உள்ளே வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் பொடி இருந்தால் பூஞ்சை. தூளாக இருந்தால் புழு. வெளியே எத்தனை பளபளப்பாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஒரு நவராத்திரிக்கு நான் பார்க்காமல் அடைத்தேன். கொலு பார்க்க வந்த ஒரு அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கீழே வைத்தார்கள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

3. பழத்தைக் கழுவாதீர்கள். ஈரம் உள்ளே போனால் பூசணம் வரும். லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஃபேனுக்கடியில் அரைமணி.

4. அரைக்கிலோ பழத்துக்கு 200 கிராம் பூரணம் போதும்: முந்திரி 75, பாதாம் 75, கொப்பரைத் துருவல் 50, ஏலக்காய் நாலு. முந்திரி முழுசாக வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். பொடிக்கப்போவதுதானே, உடைசல் போதும். வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு, விட்டு விட்டு மிக்ஸியில் சுற்றுங்கள். விடாமல் ஓட்டினால் எண்ணெய் கக்கிச் சட்னியாகிவிடும். சர்க்கரை ஒரு சிட்டிகைகூட வேண்டாம். பேரீச்சையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரைதான். உருண்டை பிடிக்க ரெண்டு பேரீச்சையை மசித்துச் சேருங்கள்.

5. பூரணத்தில் ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் மிளகுத் தூள் சேர்த்து அடையுங்கள். முகம் சுளிக்காதீர்கள். பழைய ரோமானியர்களின் அபிசியஸ் சமையல் நூலிலேயே இருக்கிறது: கொட்டை எடுத்த பேரீச்சையில் பருப்போ மிளகோ அடைத்து, மேலே உப்புத் தொட்டு, தேனில் வறுப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வீட்டு இனிப்பு'. நம் சோமாசியை அவர்கள் பார்க்கவில்லை, பாவம்.

6. வால்நட் போடுவதானால் வாங்குமுன் ஒன்று கடித்துப் பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் வேண்டாம்.

7. அத்தி, ஏப்ரிகாட்டிலும் அடைக்கலாம். கயிற்றில் கோத்து வரும் அத்தியைக் காம்புப் பக்கம் விரலால் திறந்து, உள்ளேயும் பாருங்கள். பளீரென்ற ஆரஞ்சு ஏப்ரிகாட் கந்தகப் புகை கண்டது. பழுப்பாக இருப்பது அழகில்லை. நான் அதைத்தான் வாங்குவேன்.

8. கோவா அடைத்தால் ஃபிரிட்ஜில் வைத்து ரெண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். அதைப் பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்புவது தப்பு. பருப்புப் பூரணம் காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் தாங்கும்.

9. சாக்லேட்டில் முக்க ஆசையா? கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கட்டிதட்டிவிடும். நம் ஊர் சித்திரை, வைகாசியில் தொடவே வேண்டாம். இளகி, மறுபடி இறுகி, வெள்ளையாகப் பூக்கும்.

10. விற்கப்போகிறவர்கள் முதலில் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு போடுங்கள். செய்த தேதியைப் பெட்டியில் எழுதுங்கள். பாதாம், முந்திரி ஒவ்வாதவர்கள் உண்டு, அதையும் எழுதுங்கள். முதல் பெட்டியை வேற்றாளுக்கு விற்காமல் எனக்குக் கொண்டு வாருங்கள். நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.