சொல்லும் காப்பும்

பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையில் ஒருவர் கூறும் இழிசொல் அருகிலுள்ளார் சிலர் செவியில் மட்டுமே விழும். சமூக ஊடகத்தில் எழுதும் இழிசொல்லோ நொடியில் உலகெங்கும் பரவும். நெடுநாள் நின்று வருத்தும். அதனால் துன்புறுவோருள் திருநங்கையரும் திருநம்பியரும் அடங்குவர்.

அவர்கள் துறந்த பழம்பெயரைக் கூறி இழித்தலை ட்விட்டர் நிறுவனம் 2018-இல் தடைசெய்தது. 2023-இல் அவ்விதியை நீக்கியது. மெட்டா நிறுவனமும் வெறுப்புப் பேச்சுக்கு எதிரான தன் விதிகளை 2025-இல் தளர்த்தியது. நம் நாட்டிலோ, 2019-இல் இயற்றப்பட்ட சட்டம், திருநரைச் சொல்லால் துன்புறுத்துவோர்க்கும் ஆறு திங்கள் முதல் ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வகைசெய்தது.

சேலத்தைச் சேர்ந்த திருநங்கை பிரித்திகா யாசினி, காவல் பணித் தேர்வில் தமக்கு இடம் மறுக்கப்பட்டபோது சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். 2015-இல் தீர்ப்பு அவர்க்குச் சார்பாயிற்று. 2017-இல், பாலக்கோடு அடங்கிய தருமபுரி மாவட்டத்திலேயே காவல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். வாய்ப்பு மறுக்கப்பட்டவரே மக்களைக் காக்கும் பணியை ஏற்றார்.

நிறுவனத்தின் விதி மாறும். சட்டமோ குற்றம் நிகழ்ந்த பின்னரே ஒறுக்கும். இழிசொல்லைப் பிறக்குமுன் தடுக்க வல்லது எழுதுவோர் நெஞ்சமே. ‘இச்சொல்லை என்மீது பிறர் ஏவின் நான் பொறுப்பேனோ?’ என்று எழுதுமுன் எண்ணுதல் கற்றோர்க்கு அழகாகும்.