நாடி, நாளம், நரம்பு: குருதிச் சுற்றோட்டத் தொகுதியின் கலைச்சொற்கள்



“ஆஸ்பத்திரியில் நரம்பிலே ஊசி போட்டார்கள்” என்று வீட்டிலே சொல்லக் கேட்டிருப்பீர்கள். பேச்சிலே இது எல்லோருக்கும் விளங்கும். விஞ்ஞான விடைத்தாளில் எழுதினாலோ பிழையாகிவிடும். அந்த ஊசி ஏற்றப்பட்டது நரம்பில் அன்று, நாளத்தில். நரம்பு கணத்தாக்கங்களைக் கடத்துவது. அது குருதியைக் கொண்டு செல்லும் குழாய் அன்று.

பாடம் தெரிந்திருந்தும் புள்ளியை இழப்பதற்கு இத்தகைய சொற்குழப்பமே பெரும்பாலும் காரணமாகின்றது. ஆகவே இப்பகுதியில் சொற்களை மனனஞ் செய்யாது, பொருளறிந்து கற்போம்.

1. பேச்சு வழக்கும் கலைச்சொல்லும்

“நாடியில் கைவைத்து யோசிக்கிறான்” என்னும்போது நாடி என்பது முகத்தின் கீழ்ப்பகுதி. “வைத்தியர் நாடி பார்த்தார்” என்னும்போது அது மணிக்கட்டில் உணரப்படும் துடிப்பு. விஞ்ஞானத்தில் நாடி என்பது இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டு செல்லும் குழாய். பின்னைய இரண்டிற்கும் தொடர்புண்டு: மணிக்கட்டில் நீங்கள் உணரும் துடிப்பு, அங்குள்ள நாடியின் சுவர் இதயத்துடிப்புக்கு ஏற்ப விரிந்து சுருங்குவதால் ஏற்படுவதே.

2. நாடியா, நாளமா?

“சுத்தமான குருதி செல்வது நாடி, அசுத்தக் குருதி செல்வது நாளம்” என்று எழுதாதீர்கள். குருதி செல்லும் திசையைக் கொண்டே பெயரைத் தீர்மானிக்க வேண்டும்.

நாடி: இதயத்திலிருந்து வெளியே செல்வது. சுவர் தடித்தது, உள்ளிடம் ஒடுங்கியது, குருதி உயர் அமுக்கத்தில் பாயும்.

நாளம்: இதயத்தை நோக்கி வருவது. சுவர் மெல்லியது, உள்ளிடம் அகன்றது, குருதி பின்னோக்கிப் பாயாதிருக்க வால்வுகள் உண்டு.

மயிர்த்துளைக்குழாய்: நாடியையும் நாளத்தையும் தொடுப்பது. மயிர்போல் நுண்ணிய துளையுடையது என்பதைப் பெயரே கூறுகின்றது. சுவர் ஒரு கலப்படையாலானது. எனவே பதார்த்தப் பரிமாற்றம் இங்கேயே நிகழும்.

நினைவிற் கொள்க: சுவாசப்பை நாடியில் ஒட்சிசன் குறைந்த குருதியும், சுவாசப்பை நாளத்தில் ஒட்சிசன் நிறைந்த குருதியும் செல்லும். திசையை வைத்துப் படித்தவருக்கு இது புதிர் அன்று.

3. சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கெனக் கலைச்சொற்களையும் ஆக்கினார். அன்று தொட்டு இந்நாட்டில் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பலராலும் வளர்க்கப்பட்டு வந்துள்ளது. ஆக்கியோர் பொருள் வைத்தே ஆக்கினர். பிரித்துப் பார்த்தால் அப்பொருள் வெளிப்படும்.

சோணையறை: சோணை என்பது காதின் தொங்கும் மடல். இதயத்தின் மேலறைகளில் காது மடல் போன்ற பகுதி இருப்பதால் இப்பெயர்.

முக்கூர் வால்வு: மூன்று கூர்களை உடையது, வலப்பக்கத்தில் உள்ளது. இருகூர் வால்வு இடப்பக்கத்தில் உள்ளது.

அரைமதி வால்வு: பாதி நிலா வடிவானது, இதயவறைகளிலிருந்து நாடிகள் தொடங்கும் இடத்தில் உள்ளது.

முடியுரு நாடி: தலையில் அணியும் முடிபோல் இதயத்தைச் சூழ்ந்து, இதயத் தசைக்கே குருதியை வழங்குவது. இது அடைபட்டால் மாரடைப்பு ஏற்படும்.

4. சொற்களைப் பாதையில் வையுங்கள்

மேற்பெருநாளம், கீழ்ப்பெருநாளம் → வலது சோணையறை → முக்கூர் வால்வு → வலது இதயவறை → சுவாசப்பை நாடி → சுவாசப்பைகள் → சுவாசப்பை நாளங்கள் → இடது சோணையறை → இருகூர் வால்வு → இடது இதயவறை → தொகுதிப் பெருநாடி → உடல்.

உடலை ஒரு முறை சுற்றிவரக் குருதி இதயத்தினூடாக இரு முறை செல்வதால் இது இரட்டைச் சுற்றோட்டம் எனப்படும். புத்தகத்தைப் பாராது இப்பாதையை மூன்று நாட்கள் எழுதிப் பழகுங்கள். படத்தைப் பெயரிடும்போது, இதயத்தின் வலப்பக்கம் உங்கள் தாளின் இடப்பக்கத்தில் இருப்பதை மறவாதீர்கள்.

5. இந்திய நூல்களைப் படிப்போர் கவனத்திற்கு

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நாடி தமனி எனவும், நாளம் சிரை எனவும், மயிர்த்துளைக்குழாய் தந்துகி எனவும், கலம் செல் எனவும், இழையம் திசு எனவும் வழங்கும். அவற்றைப் படிப்பதில் தவறில்லை. எனினும் பரீட்சையில் எமது பாடநூலின் சொற்களையே எழுதுங்கள். ஒரே விடையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

6. பரீட்சைக்கு அப்பாலும்

காயத்திலிருந்து பிரகாசமான செந்நிறக் குருதி துடிப்புடன் பீறிட்டால் வெட்டுண்டது நாடியாகலாம். கருஞ்சிவப்பாக ஒரே சீராக வழிந்தால் நாளமாகலாம். எதுவாயினும் சுத்தமான துணியால் காயத்தை நேரடியாக அழுத்திப் பிடித்து, விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இந்த இரு சொற்களின் வேறுபாட்டை அறிந்தவர் ஆபத்தின் அளவையும் அறிவார்.

பயிற்சி

1. “காலில் நரம்பு நீலமாகப் புடைத்துள்ளது.” இவ்வசனத்தைத் திருத்துக.
2. ஒட்சிசன் நிறைந்த குருதியைக் கொண்டு செல்லும் நாளம் ஒன்றைப் பெயரிடுக.
3. இடது இதயவறையின் சுவர் வலது இதயவறையின் சுவரிலும் தடித்திருப்பது ஏன்?
4. முடியுரு நாடி அடைபட்டால் நேரடியாகப் பாதிக்கப்படும் இழையம் எது?

விடைகள்

1. நரம்பு என்பதற்குப் பதிலாக நாளம் என எழுதுக.
2. சுவாசப்பை நாளம்.
3. வலது இதயவறை அண்மையிலுள்ள சுவாசப்பைகளுக்கு மட்டுமே குருதியைத் தள்ளுகின்றது. இடது இதயவறை உடல் முழுவதற்கும் உயர் அமுக்கத்தில் தள்ள வேண்டியுள்ளது.
4. இதயத் தசையிழையம்.