திரை இருண்டால் என்ன செய்வது?

மாணவர்களே! திருப்பதியிலிருந்து திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள் உள்ளன. 1944 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை இறங்குவதற்கும், 1974 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை ஏறுவதற்கும் இன்று பயன்படுகின்றன. வளைவுகள் மிகுந்த அப்பாதையில் மகிழுந்தின் தொடுதிரை திடீரென இருண்டுவிட்டால் அஞ்ச வேண்டா. பாடலும் வரைபடமும் மறைந்தாலும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வழக்கம்போல் இயங்கும். ஓட்டுபவரின் கண்கள் சாலையிலேயே இருத்தல் வேண்டும்.

வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பின்னரே பழுதை ஆராய வேண்டும். எளிய காரணத்தை முதலில் தேடுக. ஒலி கேட்கிறதா? கேட்டால், திரையின் வெளிச்சம் மட்டும் குறைந்திருக்கலாம். அதைக் கூட்டிப் பார்க்கலாம். ஒலியும் இல்லையெனில், திரையை இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பல வண்டிகளில் கருவி மீண்டும் உயிர்பெறும். அப்போதும் ஒளிராவிட்டால் ஃபியூஸ் எரிந்திருக்கலாம். கையேட்டில் குறித்த ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸையே பெரியவர்கள் மாற்ற வேண்டும். அளவு மிகுந்தால் கம்பிகள் சூடேறித் தீப்பற்றக்கூடும்.

அதுவரை வழிகாட்டுவது யார்? நீங்கள்தாம்! திருமலையில் தமிழிலும் எழுதப்பட்ட பலகைகள் உண்டு. அவற்றை உரக்கப் படித்து, ஓட்டுபவருக்குத் துணை நில்லுங்கள்.

வினா: ஃபியூஸின் அளவு ஏன் மாறக்கூடாது? இரண்டு தொடர்களில் எழுதுக.