காற்றுக்காகப் பணம் கேட்கப் போகிற பிள்ளைக்கு

1. கூலி கேட்கிறவன் குரலில் கேள் கண்ணு. மாவட்டக் கனிம அறக்கட்டளையில் இருக்கும் பணம் யார் போட்ட தர்மமும் இல்லை. 2015-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, சுரங்கம் நடத்துகிறவர்கள் ராயல்டியோடு சேர்த்து, பாதிக்கப்பட்ட மக்களுக்கென்று ஒரு பங்கு கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2015 ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், பிந்தியது என்றால் 10. நெய்வேலிச் சுரங்கங்கள் அதற்கு முன்பே தோண்டியவை. மண்ணைக் கொடுத்த ஊர், தூசியைத் தின்ற ஊர் கேட்கிறது. தலை குனியாதே, குரலையும் உயர்த்தாதே.

2. எந்தக் கதவு உன்னுடையது என்று தெரிந்துகொண்டு தட்டு. 2019-இல் வந்த தேசியத் தூய காற்றுத் திட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அது நகரங்களுக்கானது, தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. சுரங்கத்தை ஒட்டிய கிராமத்துக்காரன் அங்கே போய் நின்றால் செருப்புதான் தேயும். கனிம நிதி அப்படியில்லை. 2024-இல் திருத்திய விதிகளின்படி, சுரங்கத்தைச் சுற்றி 15 கிலோமீட்டர் நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி. குறைந்தது 70 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி, மாசுக் கட்டுப்பாடு போன்ற முன்னுரிமை வேலைகளுக்குப் போக வேண்டும். ஆனாலும் எல்லோருக்கும் கட்டடத்தின் மேல்தான் ஆசை. கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், குறைந்துபோன தூசிக்கு எங்கே வைப்பது?

3. அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள். அலுவலகத்தில் அழுகையைவிடத் தேதி போட்ட தாளுக்குத்தான் மதிப்பு. நம் கடலூர் சிப்காட்டைச் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள் 2004-இல் இதைச் செய்து காட்டினார்கள். எத்தனை மணிக்கு நாற்றம் வந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, வாடை எதைப் போல இருந்தது என்று குறித்தார்கள். பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை வெறும் புகார். அதன் பிறகு ஆதாரம். நீயும் ஒரு நோட்டு போடு. நிலக்கரிக் குவியல் தானே பற்றிப் புகைந்தது எந்த இரவு, தார்ப்பாய் இல்லாமல் சாம்பல் லாரி போனது எந்தத் தெருவில், மண்மேட்டுத் தூசி கொடியில் காயும் துணியில் படிந்தது எந்த நாள். "ஊரே செத்துக்கொண்டிருக்கிறது" என்று மனுவில் எழுதிய ஒரு பையனை எனக்குத் தெரியும். இறப்புச் சான்றிதழ்கள் எங்கே என்று கேட்டார் அதிகாரி. உண்மையில் இருந்த இருமலும் அன்றைக்குப் பொய்யாகிப் போனது.

4. காற்றை அளக்கும் கருவி வாங்கினால் அதற்கும் நேர்மையாக இரு. மெல்லிய துகள், பி.எம் 2.5 என்பார்களே, அதற்கு நம் நாட்டு ஆண்டு வரம்பு ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 5. எந்த வரம்போடு ஒப்பிடுகிறாய் என்று எப்போதும் எழுது. மலிவான கருவி மார்கழிப் பனியில் ஈரத்தையும் தூசியென்று எண்ணிவிடும். எண் குறைந்த நாளையும் மறைக்காதே. மறைத்தவன் என்று ஒருமுறை பெயர் வாங்கினால், கூடிய நாளில் உன்னை யார் நம்புவார்?

5. இதுதான் எனக்கு மிக முக்கியம், அவசரப்படாமல் படி. அடுத்தவன் கடனை ஊர்ப் பணத்தில் அடைக்க விடாதே. புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் வடிகட்டியை ஓட்டுவது, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவது, நிலக்கரி போகிற சாலையை நனைப்பது எல்லாம் தொழில் நடத்துகிறவர் தம் செலவில் செய்ய வேண்டியவை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையை வாங்கி, நிபந்தனைகளை வரி வரியாகப் பார். அதில் இருப்பதற்கு நிதி கேட்டு நீ மனு போட்டால், அவர்கள் கடமையை நீயே தள்ளுபடி செய்கிறாய். நிதியை வேறு இடத்தில் கேள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூச்சுப் பரிசோதனை, நெபுலைசர், பள்ளி ஓரத்தில் மர வேலி, ஊர் நம்பக்கூடிய ஒரு கண்காணிப்பு நிலையம். நம் வீட்டு விறகடுப்பையும் தெருமுனையில் கொளுத்துகிற குப்பையையும் சேர்த்துச் சொல். அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும், சொல்.

6. பணத்தை உன் கை வழியாக வரவிடாதே. வந்தே ஆகவேண்டும் என்றால் டீச் செலவுக்கும் ரசீது வை. தங்கமான ஒரு மனிதர், ஒரு காசு எடுக்காதவர், தாள் வைக்காத ஒரே குறையால் தெருவில் பேச்சு வாங்கினார். அவர் நடத்திய சங்கமும் அதோடு படுத்துவிட்டது.

7. சுரங்கத்துக்குள்ளே வேலை பார்க்கிறவனைப் பகைக்காதே. உன் சித்தப்பா ஒப்பந்தத் தொழிலாளி. அவர் கூட்டத்தில் வாய் திறந்தால் மறுநாள் கேட் பாஸ் என்ன ஆகுமோ என்று அவருக்குப் பயம். கோழை என்று சொல்லிவிடாதே, அந்தச் சம்பளத்தில்தான் உன் தங்கை படிக்கிறாள். அவருக்குப் பதில் சித்தி பேசட்டும், நன்றாகவே பேசுவாள். நெய்வேலி டவுன்ஷிப் மர நிழலில் இருக்கிறவர்களையும் எதிராளி ஆக்காதே. அவர்கள் பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறார்கள்.

8. கலிஃபோர்னியாவில் 2017-இல் ஏ.பி. 617 என்று ஒரு சட்டம் வந்தது. மாசு மிகுந்த பகுதி மக்களின் அமைப்புகளுக்கே அரசு நிதி கொடுக்கிறது. எதை முதலில் குறைப்பது என்று பேசும் குழுவில் ஊர்க்காரர்கள் உட்காருகிறார்கள். இங்கே கனிம நிதிக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். உனக்கு இருக்கிற நாற்காலி கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறு நாளும் போ. போகும்போது நாலு பேரைக் கூட்டிப் போ. தீர்மானம் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடு, வெற்றுத் தாளில் போடாதே. நகல் கேள். தராவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேள். முப்பது நாளுக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு போட நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.